வசந்திக்கு, ஆரையம்பதியிலிருந்து

அன்புள்ள வசந்தி,

நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் எப்படி? சித்திரைக்குப் பிறகு நான் எழுதவேயில்லை என்று தங்கச்சியிடம் குறை சொன்னாயாம். வட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூப்படம் மட்டும் அனுப்புகிறவளுக்கு இந்த வாய் ஆகாது. சரி, இப்போது காரியம் இருந்துதான் எழுதுகிறேன்.

மூத்தவள் உயர்தரம் முடித்து அரசாங்கக் கச்சேரியில் மேசை வேலைக்குப் போவாள் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார் அல்லவா? அவள் மஞ்சந்தொடுவாய் தொழினுட்பக் கல்லூரியில் மின்னியலாளர் கோர்சுக்கு விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். மாமி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பொம்புளப் புள்ள போஸ்ட்டில ஏறவா?" என்று கேட்டார். போஸ்ட்டில் ஏறுவது மின்சார சபைக்காரர், இது வீட்டு வயரிங் என்று விளங்கப்படுத்தினேன். "மறுகா, முகட்டில ஏறவா?" அதற்கு நான் என்ன சொல்ல? முகட்டில்தானே ஏறுகிறாள்!

படிக்கத் தொடங்கியதும் எங்கள் வீடுதான் அகப்பட்டது. வயர்கள் பழைய பாதியில் சிவப்பும் கறுப்பும், பிறகு கட்டிய குசினிப் பக்கம் மண்ணிறமும் நீலமும். சிவப்பு பார்த்த வேலையை இப்போது மண்ணிறம் பார்க்கிறது, கறுப்பின் வேலையை நீலம். இரண்டு பக்கமும் சந்திக்கிற பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைப் பூட்டினது யார்?" என்றாள். உன் சின்னையா என்று நான் சொல்லவில்லை.

ட்ரிப் சுவிட்ச் பற்றி அவள் சொன்னதைக் கேட்டால் நீயும் வாய் பார்ப்பாய். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். திரும்பி வருவது 30 மில்லி அம்பியர் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது, அது ஒரு ஆளின் உடம்பு வழியாகவும் இருக்கலாம் என்று கண்மூடித் திறக்குமுன் வெட்டிவிடும். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அமத்திப் பார்த்தாள், அசையவே இல்லை. புதிது வாங்கிப் போட்டோம். இப்போது அந்தப் பட்டனை அமத்துவது மாமியின் பொறுப்பு, வேறு யாரையும் கிட்ட விடமாட்டார். எர்த் கம்பியும் அப்படித்தான். எங்கள் கடலோர எழுவான்கரை மணலில் சும்மா அடித்துவிட்டால் சரிவராது, வெயில் காலத்தில் மணல் காய்ந்தால் கரண்ட் இறங்காது, ஈரம் இருக்கிற ஆழத்துக்குப் போகவேண்டும் என்கிறாள். நீ விடுதியில் பேனையை மேல் ஓட்டைக்குள் விட்டு இரண்டு முள் பிளக்கைச் செருகிய கதையையும் சொன்னேன். உன்னை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டுமாம்.

ஒன்று மட்டும் சிரிக்க முடியாதது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் யானைக்கென்று வீட்டுக் கரண்டை நேரே வேலிக்கம்பிக்குக் கொடுக்கிறார்களே. ஒழுங்கான யானை வேலியில் கரண்ட் விட்டு விட்டுத் துடிக்கும், பட்டவன் உதறி விலக நேரம் இருக்கும். 230 வோல்ட் நேரே ஓடினால் தசை இறுகிப் பிடித்த கை விடாது. நம் வகுப்புப் பின்வாங்குக்காரியின் மனுசன் போனது அப்படித்தான். அந்தச் செத்த வீட்டால் வந்து நான் கதைத்துக்கொண்டிருந்தபோது இவள் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்குத்தான் இந்த எண்ணம் விழுந்ததோ என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்லமாட்டாள்.

இப்போது சிக்கல் இதுதான். வகுப்புப் பாடம் முடிகிறது, இனி வேலைத்தலப் பயிற்சி. அதை முடித்து மதிப்பீட்டிலும் தேறினால்தான் என்.வி.கியூ. 4 என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் வரும், பிறகு விரும்பினால் 5, 6 என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம். கூடப் படித்த பெடியன்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. இவளிடம் ஒரு கொன்றாக்டர், "தங்கச்சி, பில் எழுதிற வேலையென்றால் வாங்க" என்றாராம். இன்னொருவர், சைட்டில் கழிப்பறை இல்லை என்றார். அது உண்மைதான், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். ஒரு தகரக் கொட்டில் அடிக்க எவ்வளவு செலவாகும்? அவள் ஒன்றும் பேசாமல் வந்து, இரவு முழுக்க பழைய மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் நித்திரை வரவில்லை.

அத்தானின் தம்பி நிலாவெளியில் ஹோட்டல் கட்டட வேலை எடுத்திருக்கிறார் என்றாயே. அவரிடம் கேள். உன் வீட்டில் தங்குவாள். சமையலுக்கும் உதவுவாள் என்று பொய் சொல்லமாட்டேன், அந்தப் பக்கம் சுழி. கூலி எனக்குப் பெரிதில்லை. தேத்தண்ணி வாங்க மட்டும் அனுப்பாமல் கரண்ட் பிரிகிற டிபி பெட்டியில் கை வைக்க விடவேண்டும், பயிற்சிப் புத்தகத்தில் ஒழுங்காகக் கையெழுத்து வைக்கவேண்டும். பயிற்சி இடத்தின் பெயரைக் கல்லூரிக்குக் கொடுக்க இந்த மாதக் கடைசிதான் தவணை. அத்தானிடம் சாப்பாட்டுக்கு முன் கேட்காதே, உனக்கே தெரியும்.

உன் கிணற்று மோட்டரைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்று சொன்னாய். மெயினை நிறுத்தாமல் யாரும் அதில் கை வைக்கவேண்டாம் என்று மூத்தவள் எழுதச் சொன்னாள்.

உன்,
புவனா