அஞ்சல்பெட்டியில் இல்லாத பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெர்லினில் இரண்டரை ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டுத் திரும்பியவன் நான் என்று தெரிந்தவுடன், பிள்ளைகளை வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஐரோப்பாவுக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். குளிரைத் தாங்க முடியுமா, நம் அரிசி கிடைக்குமா, மொழி தெரியாமல் சமாளிக்கலாமா? குளிருக்கு உடுப்பு இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதுதான் ஆண்டு முழுவதும் ஏழு மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நம்மை அதிகம் வாட்டும். அரிசி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திரா என்பதை நினைவில் வைத்துச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மொழியை இங்கிருந்தே தொடங்கிவிடுவது நல்லது. இந்த மூன்றையும்விட என்னை அலைக்கழித்த ஒன்றைப் பற்றி மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை. அது நம் பெயர். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சிங்கப்பூரில் நமக்கு முகவரி என்பது எண்களால் ஆனது. புளோக் எண், மாடி எண், வீட்டு எண், கடைசியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு. 1995ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கும் அந்தக் குறியீடு ஒவ்வொரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்குக்கும் தனித்தனியாக இருப்பதால், உறைமீது எழுதியிருக்கும் பெயர் யாருடையது என்று அஞ்சல்காரர் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஈசூனில் எங்கள் வீட்டுப் பெட்டியில், எங்களுக்கு முன்னர் குடியிருந்தவருக்கு வரவேண்டிய கடிதங்கள் இன்றும் விழுந்துகொண்டிருக்கின்றன.

ஜெர்மனியில் குறியீடு ஐந்திலக்கம். அது ஒரு வட்டாரத்துக்கே பொதுவானது. தெருவின் பெயரும் கட்டடத்தின் எண்ணும் உண்டு. வீட்டுக்கு எண் பெரும்பாலும் கிடையாது. நாங்கள் குடியேறியது பெர்லினுக்கே உரிய பழைய வகைக் கட்டடம். தெருவைப் பார்த்த முன்கட்டு, அதை ஒட்டிய பக்கக்கட்டு, முற்றத்தைக் கடந்தால் பின்கட்டு என்று இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கு வசித்தன. வாசலில் இருந்த அழைப்புமணிப் பலகையிலும், உள்ளே நடையில் வரிசையாகப் பொருத்தியிருந்த அஞ்சல்பெட்டிகளிலும் இருந்தவை குடும்பப்பெயர்கள் மட்டுமே. அஞ்சல்காரர் உறையில் உள்ள பெயரைப் பார்ப்பார், அதே பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவார். இல்லாவிட்டால் அப்படி ஒருவர் அங்கு இல்லை என்று குறித்துக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான்கு மாடி ஏறி விசாரித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அவர்மீது குறை சொல்வதும் நியாயமில்லை.

நமக்குத்தான் குடும்பப்பெயரே இல்லையே! கண்ணன் எஸ்/ஓ மாணிக்கம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பெயர் கண்ணன், அவ்வளவுதான். மாணிக்கம் என்பது அவருடைய தகப்பனார். சிங்கப்பூர்க் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே இடத்தில் அச்சாகியிருக்கும், குடும்பப்பெயர் இது, சொந்தப்பெயர் இது என்று அது பிரித்துக் காட்டாது. ஜெர்மானியப் படிவங்கள் அனைத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டையும் நிரப்பியாக வேண்டும். ஆகவே மாணிக்கம் குடும்பப்பெயராகிவிடுகிறது. கண்ணனின் மனைவிக்கு அவருடைய தகப்பனார் பெயர் குடும்பப்பெயர். மகளுக்கோ கண்ணன் என்பதே குடும்பப்பெயர். ஒரே வீட்டில் இருக்கும் மூவருக்கு மூன்று குடும்பப்பெயர்கள்.

குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் ‘அன்மெல்டுங்’ எனப்படும் குடியிருப்புப் பதிவைச் செய்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட சான்றுத்தாளுடன் நேரில் போக வேண்டும். முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு. (அந்தப் படிவத்தில் சமயத்தையும் கேட்பார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று குறிப்பவர்களிடம் பெர்லினில் வருமான வரியில் ஒன்பது விழுக்காடு தேவாலய வரியாகவும் பிடிக்கப்படும் என்பதை நம் கிறிஸ்துவ அன்பர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.) பதிவின்போது நான் முறைப்படி என் தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராக எழுதினேன். ஆனால் அதற்கு முந்திய வாரம், பெட்டியில் என்ன பெயர் போட வேண்டும் என்று கட்டட நிர்வாகத்தினர் கேட்டபோது, பெயர்தானே கேட்கிறார்கள் என்று என் சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தேன். அழகாக அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பெட்டியில் விளம்பரத் தாள்களைத் தவிர வேறெதுவும் இல்லை. வங்கி அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் வேறோர் உறையிலும் வர வேண்டும். மருத்துவக் காப்புறுதி அட்டை வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோர் இலக்க வரி அடையாள எண் வர வேண்டும். அது அஞ்சலில்தான் வரும். அரசாங்க மின்சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறந்து இரண்டு தட்டுத் தட்டினால் காரியம் முடிந்துவிடும் என்ற நம் பழக்கத்தில், கணினியில் எங்காவது அந்த எண் தென்படாதா என்று நான் இரவெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் ஒரு நாள் மாலை பெட்டியில் அரசாங்க உறை ஒன்று கிடந்தது. ஆவலோடு பிரித்துப் பார்த்தால், அது மூன்று வயது நிரம்பிய என் மகளின் வரி எண்! கைக்குழந்தைக்கும் அங்கே வரி எண் உண்டு. பெட்டியில் ஒட்டியிருந்த என் பெயர், எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் குடும்பப்பெயராகப் பொருந்தியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பாதிப்பவனுக்கு வரவேண்டிய கடிதங்களோ ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயிருந்தன. வரி எண்ணைக் கொடுக்க முடியாததால், முதல் மாதச் சம்பளத்தில் வரியை மிக உயர்ந்த பிரிவில் பிடித்துவிட்டார்கள். பிற்பாடு அது கைக்கு வந்தது என்றாலும், முன்பணமாக மூன்று மாத வாடகையைக் கட்டிவிட்டு நின்ற நேரத்தில் அது பெரிய இடியாக இருந்தது.

இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டவர், நாங்கள் மளிகை வாங்கும் கடையின் உரிமையாளரான ஈழத்து அம்மையார். 1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்ட தமிழர்களுள் அவருடைய கணவரும் ஒருவர். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “தம்பி, முதல்ல வீட்டில இருக்கிற எல்லாற்ற தகப்பன்ர பேரையும் பெட்டியில ஒட்டுங்கோ. அதில பேர் இல்லாட்டி நீங்கள் இந்த ஊரிலயே இல்லை” என்றார். அன்றிரவே வெள்ளைத் தாளில் மூன்று பெயர்களையும் கொட்டை எழுத்தில் எழுதி, ஒளிபுகும் ஒட்டுநாடாவால் பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் ஒட்டினேன். இடம் போதாமல் மாமனாரின் பெயர் மட்டும் பக்கத்துப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறு வாரமே கடிதங்கள் வரத் தொடங்கின.

அதன்பின் வந்த சிக்கல் வேறு விதமானது. மூன்று பெயர்களைக் கண்ட அண்டை வீட்டார், ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு குடியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பெர்லினில் அது சர்வ சாதாரணம். அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் மகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போனபோது, இவள் உங்கள் மகள்தான் என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வி என் மனைவியிடம் கேட்கப்பட்டது. தாய்க்கும் மகளுக்கும் பொதுவான ஒரு சொல்கூட இருவர் பெயரிலும் இல்லை. கேட்டவர்கள் கடுமையாகக் கேட்கவில்லை, குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்ற பொறுப்பில்தான் கேட்டார்கள். ஆயினும் என் மனைவியின் முகம் அன்று மாறிப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்ததால் பிழைத்தோம். இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணங்களுக்கு உறுதிச்சான்று தரும் அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்துவிட்டதால், முன்பு போல வெளியுறவு அமைச்சுக்கும் தூதரகத்துக்கும் மாறி மாறி அலைய வேண்டியதில்லை. சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் ஒட்டித் தரும் ஒரே சான்றை ஜெர்மனி ஏற்றுக்கொள்கிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் அதைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம்.

பெட்டிக்குக் கடிதம் வந்துவிட்டால் மட்டும் போதாது, அதைப் பிரித்துப் படிக்கவும் வேண்டும். இதைச் சொல்லக் காரணம், மின்னஞ்சலுக்குப் பழகிய நம் பிள்ளைகள் தாளைக் கண்டால் மேசைமேல் போட்டுவிடுகிறார்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ மஞ்சள் நிற உறையில் ஒரு கடிதம் வந்தால், அதைப் பெட்டியில் போட்ட தேதியை அஞ்சல்காரரே உறைமீது எழுதிவிட்டுப் போவார். நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும், மறுப்புத் தெரிவிப்பதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஒலிபரப்புக் கட்டணமும் அப்படித்தான் நம்மைத் தேடி வரும். நம் நாட்டில் வானொலி, தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2011ஆம் ஆண்டிலேயே ஒழிந்துவிட்டது. ஜெர்மனியில் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ செலுத்த வேண்டும். மூன்று பெயர்கள் இருந்ததால், எனக்கும் மனைவிக்கும் தனித்தனியாக அந்தக் கட்டணக் கடிதம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் போதும் என்று விளக்கி, என் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிய பிறகு இரண்டாவது கணக்கை நீக்கினார்கள்.

குறைகளை மட்டுமே அடுக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அந்தப் பெட்டிகளின் புண்ணியத்தில்தான் அக்கம்பக்கத்தினரின் பெயர்கள் அனைத்தும் எனக்குத் தெரியவந்தன. நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் பொட்டலம் வந்தால், யார் வீட்டில் கொடுத்திருக்கிறது என்று பெயர் எழுதிய சீட்டு பெட்டியில் கிடக்கும். அந்தப் பெயரைத் தேடி மாடி ஏற வேண்டும். அப்படி ஏறி இறங்கித்தான் மூன்றாம் மாடி மூதாட்டியோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர் என்னை எப்போதும் ‘ஹெர்’ என்ற மரியாதைச் சொல்லோடு என் தகப்பனார் பெயரைச் சேர்த்தே அழைப்பார். என் தகப்பனார் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஈசூனில் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்பவர் அநேகமாக யாரும் இல்லை. பெர்லினில் மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் வங்கி முகப்பிலும் அவர் பெயரைத்தான் உரக்கக் கூப்பிட்டார்கள். தொடக்கத்தில் யாரையோ அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்திருந்த நான், சில மாதங்களில் அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஆகவே, வெளிநாட்டுப் படிவங்களுக்காகக் குழந்தைகளுக்கு ஒரு குடும்பப்பெயரைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளலாமா என்று சில இளம் பெற்றோர் கேட்கும்போது, எனக்கு அதில் உடன்பாடில்லை என்றே சொல்லி வருகிறேன். இரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு தாளுக்காக நம் வழக்கத்தை மாற்றிக்கொள்வானேன்? ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். முதன்முதலில் எந்தப் படிவத்தில் எப்படிப் பிரித்து எழுதினோமோ, கடைசிப் படிவம் வரை எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும். விசாவில் ஒரு விதம், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதம், விமானச் சீட்டில் ‘எஸ்/ஓ’ என்பதையும் பெயரோடு சேர்த்து ஒரு விதம் என்று இருந்தால், கடைசியில் நான்தான் அந்த மூன்று பேரும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போதும் பெயரைக் கழற்ற வேண்டும். நாட்டைவிட்டுக் குடிபெயர்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வெளியேறிய பின் இரண்டு வாரத்துக்குள் பதிவை நீக்கிக்கொண்டு, அதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடிந்தது. பெர்லினைப் பற்றி மட்டுமே என்னால் எழுத முடியும். பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஸ்டாக்ஹோமிலோ நம் பெயர்களை வைத்துக்கொண்டு வாசகர்கள் என்ன பாடுபட்டார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அவர்கள் எழுதியனுப்பினால், தங்கள் நாளிதழில் இடம் ஒதுக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்