செயலாளர் ஆண்டறிக்கை 2025: பெரிய சாப்டர் இல்லாத முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். வழக்கமாக இந்த அறிக்கையில் பாதி, எந்தெந்த டிரையலை (பன்னிரண்டு பேர் சேர்ந்து போகும் பெரிய சவால்) முடித்தோம், யார் யார் டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்), யார் ஹீலர் (மற்றவர்களைக் குணப்படுத்துபவர்) என்றே போகும். இந்த ஆண்டு வேறு விஷயம் முன்னால் வந்து நிற்கிறது. நாம் இணையத்தில் சேர்ந்து விளையாடும் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ கேம் தன் புதிய உள்ளடக்கத்தை வெளியிடும் முறையையே மாற்றிக்கொண்டது. நம் ஆண்டுத் திட்டம் முழுக்க அந்த வெளியீட்டைச் சுற்றித்தான் போடப்பட்டிருந்தது என்பதால், அங்கே மாறியது இங்கேயும் மாறிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள ஜெனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டுடியோஸ் 2014 ஏப்ரலில் இந்த கேமை வெளியிட்டது. முதல் ஓராண்டு மாதச் சந்தா கட்டாயம். 2015 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். 2016 அக்டோபரில் வந்த ‘ஒன் டாம்ரியல்’ அப்டேட்டுக்குப் பிறகு எந்த லெவலில் இருப்பவரும் எந்தப் பகுதிக்கும் போகலாம், யாரோடும் சேர்ந்து விளையாடலாம் என்று ஆனது. நம்மைப் போன்ற சிறு குழுக்கள் நிலைத்ததற்கு அந்த ஒரு மாற்றமே முதல் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

2017இல் ‘மாரோவிண்ட்’ தொடங்கி 2024இல் ‘கோல்டு ரோடு’ வரை ஆண்டுக்கு ஒன்றாக எட்டு சாப்டர்கள், அதாவது தனியாக வாங்க வேண்டிய பெரிய விரிவாக்கங்கள், வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புதிய நிலப்பகுதி, ஒரு நீண்ட கதை, ஒரு டிரையல், அப்புறம் பெரும்பாலும் விளையாட்டையே மாற்றும் ஒரு புதிய அம்சமும் இருக்கும். ‘எல்ஸ்வேர்’ நெக்ரோமேன்சர் என்ற புதிய கேரக்டர் வகுப்பைத் தந்தது. ‘கிரேமூர்’ தொல்பொருள் தேடலைத் தந்தது. ‘பிளாக்வுட்’ கூடவே வரும் துணைக் கேரக்டர்களைத் தந்தது. ஜூன் மாதம் சாப்டர் வரும், அதற்கு முன்னும் பின்னும் டஞ்சன் டிஎல்சி (நான்கு பேர் சேர்ந்து போகும் நிலவறைகள் கொண்ட கூடுதல் தொகுப்பு), ஆண்டு முடிவில் கதையின் கடைசிப் பாகம் என்று சில ஆண்டுகள் கடிகாரம் போல ஓடியது. 2023 இறுதியில் அந்த ஒழுங்கு தளரத் தொடங்கியது. கதைப் பகுதிக்குப் பதிலாக ‘இன்ஃபினிட் ஆர்க்கைவ்’ என்ற முடிவில்லாத டஞ்சன் வந்தது. அடிப்படை கேம் வைத்திருந்த எல்லோருக்கும் அது இலவசம்.

2024 டிசம்பரில் ஸ்டுடியோவின் இயக்குநராக இருந்த மேட் ஃபிரோர் எழுதிய ஆண்டிறுதிக் கடிதத்தில் விஷயம் வெளிப்படையாகவே வந்துவிட்டது: இனி ஆண்டு சாப்டர் இல்லை; மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் நீளும் சீசன்கள். ஒரே வெளியீட்டுத் தேதிக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்காமல், எது எப்போது தயாரோ அதை அப்போதே தரலாம் என்பது அதன் சாரம். சொல்லப்போனால் எட்டு ஆண்டுகள் ஒரே அச்சில் வார்த்ததில் எல்லோருக்குமே ஒரு சலிப்பு இருந்தது. நிலப்பகுதியின் பெயர் மாறும்; அதே எண்ணிக்கையில் குகைகள், அதே வகைத் தினசரிப் பணிகள். அந்தக் கடிதத்தை நம் உறுப்பினர்கள் பலர் வரவேற்றதில் நியாயம் இருந்தது.

நடைமுறையில் 2025 பாதி பழையது, பாதி புதியது. ஏப்ரலில் ‘2025 கன்டென்ட் பாஸ்’ அறிவிக்கப்பட்டது. மார்ச்சிலேயே வந்துவிட்ட ‘ஃபாலன் பேனர்ஸ்’ டஞ்சன்கள், ஜூனில் புதிய நிலப்பகுதியான சோல்ஸ்டிஸ் தீவின் மேற்குப் பாதியும் ‘ஆஸியன் கேஜ்’ டிரையலும், ஆகஸ்டில் ‘ஃபீஸ்ட் ஆஃப் ஷேடோஸ்’ டஞ்சன்கள், ஆண்டின் கடைசிக் காலாண்டில் தீவின் கிழக்குப் பாதி. இத்தனையும் ஒரே கட்டணத்தில் அடக்கம். கதை ‘சீசன்ஸ் ஆஃப் தி வார்ம் கல்ட்’. 2014இல் நாம் எல்லோரும் முதல் கேரக்டரோடு எதிர்கொண்ட அதே வில்லன் மானிமார்க்கோவின் கூட்டம். பழைய உறுப்பினர்களுக்கு அது தந்த மகிழ்ச்சியை நம் ஜூன் கூட்டத்தில் எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் ஜூன் கூட்டத்துக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டுகளைவிடக் குறைவு. இதற்கு நான் கண்ட காரணம் எளிது. சாப்டர் என்பது ஒரு திருவிழா. அதற்காக லீவு போடுவார்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள்கூட அந்த வார இறுதிக்கு வந்துவிடுவார்கள். பாதித் தீவு மட்டும் திறந்திருக்கிறது, மீதி பிறகு என்றால், ‘அதுவும் வரட்டும், சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது இயல்பு. சிறு சங்கம் ஒன்றுக்கு ஆண்டில் ஒரு முறையாவது எல்லோரும் ஒரே நாளில் கூடும் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை இத்தனை ஆண்டுகளும் கேம் நிறுவனமே நமக்குக் கொடுத்துவந்தது.

ஜூன் அப்டேட்டில் வந்த ‘சப்கிளாஸிங்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50ஆம் லெவலை எட்டியவர் தன் வகுப்பின் மூன்று திறன் வரிசைகளில் இரண்டு வரை எடுத்துவிட்டு, வேறு வகுப்புகளின் வரிசைகளைப் போட்டுக்கொள்ளலாம். நம் பயிற்சி வகுப்புக்காக எழுதி வைத்திருந்த பில்டு குறிப்புகள் (கேரக்டருக்கு எந்தெந்தத் திறன், கருவி என்ற விவரம்) பெரும்பாலும் ஒரே வாரத்தில் காலாவதியாகின. பயிற்சிப் பொறுப்பாளர் அவற்றை முதலிலிருந்து எழுதினார். அவருக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. என் சொந்தக் கருத்தைப் பதிவு செய்ய அனுமதியுங்கள்: வகுப்புகளுக்கு இருந்த தனி முகம் இதனால் மங்கிவிட்டது. டிரையலுக்குப் போகும் பன்னிரண்டு பேரில் யார் என்ன வகுப்பு என்று பார்த்தவுடன் சொல்ல முடிவதில்லை. மறுபக்கம், ஒரே கேரக்டரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவர்கள் புதுத் தெம்போடு திரும்பி வந்ததும் உண்மை.

ஜூலை தொடக்கம் கவலையான காலம். இந்த ஸ்டுடியோவின் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் சுமார் 9,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. இதே ஸ்டுடியோ பல ஆண்டுகளாக உருவாக்கிவந்த இன்னொரு கேம் கைவிடப்பட்டது, ஃபிரோரும் விலகினார். சர்வரையே மூடிவிடுவார்களா என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூடும் அறிவிப்பு எதுவும் இல்லை, திட்டமிட்ட அப்டேட்கள் வரும் என்று செயற்குழு எல்லோருக்கும் தெரிவித்தது. அவை வரவும் செய்தன. நாம் ரசித்த ஊர்களையும் கதைகளையும் உருவாக்கியவர்களில் பலர் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு நம் வருத்தத்தை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

இந்த ஆண்டின் சிறந்த நாட்கள் அக்டோபரில் வந்தன. சோல்ஸ்டிஸ் தீவை இரண்டாகப் பிரித்து நின்ற ‘ரைத்திங் வால்’ சுவரை உடைக்க ஒரு சர்வரில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து உழைக்க வேண்டும். தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொரு சர்வரும் தன் வேகத்தில் முன்னேறும். முற்றுகைக்கான பொருட்களைத் திரட்டிக் கொடுப்பதும் கணக்கில் சேர்ந்ததால், டிரையல் பக்கமே வராத உறுப்பினர்களும் தினமும் வந்தார்கள். நாம் விளையாடும் ஐரோப்பிய சர்வர் ஃபிராங்பர்ட்டில் இருக்கிறது. அங்குள்ளவர்களின் மாலை நேரக் கூட்டம் நமக்கு நள்ளிரவு. அதில் சேர நம்மால் முடிவதில்லை. இந்த நிகழ்ச்சியில் அது தடையாகவே இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்தவர் காலை 8.30க்குத் தினசரிப் பணிகள் புதுப்பிக்கப்பட்டதும் தன் பங்கைச் செய்துவிட்டுத் தூங்கப் போனார். கல்லூரி மாணவர் மாலையில் செய்தார். சுவர் எப்போது விழும், இழுத்துக்கொண்டே போகிறதே என்ற புகாரும் வந்தது. இருந்தாலும் சீசன் முறை எப்படி நல்லதாக அமையலாம் என்பதற்கு இந்த ஆண்டு நாம் கண்ட சான்று இதுதான்.

சீசன் முறையில் எனக்கு ஒப்பாதது காலக்கெடு. இன்ன தேதிக்குள் இத்தனை பணிகளை முடித்தால்தான் இந்தக் குதிரை, இந்த உடை என்று வரும்போது, தேர்வு எழுதுபவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் பின்தங்கிவிடுகிறார்கள். பரிசு போய்விடுமே என்பதற்காக விருப்பமில்லாமல் உள்ளே வந்து போவதை இந்த ஆண்டு நம் உறுப்பினர்களிடமே பார்த்தேன். சாப்டரை வாங்கி மூன்று ஆண்டு கழித்து விளையாடினாலும் கதை அங்கேயே காத்திருக்கும். அந்த நிதானத்துக்காகத்தான் நம்மில் பலர் இந்த கேமுக்கு வந்தோம்.

2026 ஜனவரியில் அறிவிப்பும் வந்துவிட்டது: ஏப்ரலில் ‘சீசன் ஜீரோ’, அதன் பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு சீசன். சீசனின் புதிய விளையாட்டு உள்ளடக்கம் அடிப்படை கேம் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். பரிசு வரிசைக்கு மட்டும் இலவசப் படியும் கட்டணப் படியும். இதில் நமக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சாப்டர் வாங்கியவர், வாங்காதவர் என்று ஒவ்வொரு ஜூனிலும் நம் குழு இரண்டாகப் பிரிந்தது. மாணவர்களுக்கு வாங்கித் தர நாம் உதவி நிதி வைத்திருந்ததே அதனால்தான். இனி அந்தப் பிரிவு இருக்காது.

இவற்றை எல்லாம் வைத்துச் செயற்குழு சில முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்குக் கொண்டுவருகிறது. ஜூன் கூட்டம் நிற்காது. வெளியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை நம் நாள். அன்று தொடங்கி ஒரு பழைய சாப்டரை எல்லோரும் முதலிலிருந்து, உரையாடல்களைத் தாண்டாமல், சேர்ந்து விளையாடுவோம். முதலில் ‘மாரோவிண்ட்’ என்பது பெரும்பான்மை விருப்பம். சீசன் பரிசுகளை யார் முடித்தார்கள் என்ற பட்டியலைச் சங்கக் குழுவில் போடுவதில்லை. சாப்டர் உதவி நிதியில் மீதமுள்ள தொகையில் கூட்ட அறைக்கு ஒரு யுபிஎஸ் வாங்கலாம். மாதாந்திர மின்தடை நாளில் டஞ்சன் நடுவே நான்கு பேரும் ஒன்றாக வெளியே விழுவது இனி வேண்டாம். வேறு பெரிய கில்டுகளில் (கேமுக்குள் இருக்கும் வீரர் சங்கங்கள்) சேர்ந்தவர்கள் நம்மை விட்டு விலக வேண்டியதில்லை. ஓர் அக்கவுண்டில் ஐந்து கில்டுகள் வரை இருக்கலாம், அதில் ஒன்றாக நம்முடையதை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டங்களுக்கு இடம் தந்த உறுப்பினரின் குடும்பத்தாருக்கும், புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கும் நன்றி. முடிவுகளை முன்மொழிகிறேன், வழிமொழிபவர் எழுந்து பேசலாம். அதன் பிறகு பொருளாளர் கணக்கைப் படிப்பார்.