திருநகர் வீட்டை வாடகைக்கு விடும் முன்

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய குரல் செய்தியை ரெண்டு தடவை கேட்டேன். பேரனைப் பார்த்துக்கொள்ள ரெண்டு வருஷம் பெங்களூருக்குப் போகிறீர்கள், திருநகர் வீட்டைப் பூட்டிப் போட மனசில்லை, சரியா? போனில் சொன்னால் மறந்துவிடும், எழுதி அனுப்பு என்றாய். எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை, வாக்கர் பிடித்து வாசல் வரை வந்து போகிறவர்களை விசாரிக்கிறார். ஸ்ரீரங்கத்து வெயில்தான் தாங்க முடியவில்லை.

முதலில் ஒத்தி விஷயம், அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கி, காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுப்பது. தரகர் எட்டு லட்சம் வாங்கித் தருகிறேன் என்கிறார், மொத்தமாகக் கைக்கு வருகிறதே என்று உனக்கு ஆசை. அந்த எட்டு லட்சத்தை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 56,000, அதாவது மாதம் ஐயாயிரம்கூடத் தேறாது. அதே வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் வாடகை கிடைக்கும் என்று நீயே சொல்கிறாய். தலைக்கு மேல் வட்டிக் கடன் இருக்கிறவன் அதை அடைக்க ஒத்திக்கு விட்டால் அர்த்தம் இருக்கிறது. உனக்குக் கடனே இல்லை. பணம் கையில் இருந்தால் உன் மச்சான் கேட்பான், நீயும் கொடுப்பாய். ரெண்டு வருஷம் கழித்து ஒத்திக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பணம் எங்கே என்று நிற்கும்போது, அதைக் கொடுக்க இன்னொரு ஒத்திக்காரரைத் தேடி ஓடுவாய். அப்புறம் நீ எப்போது உன் வீட்டுக்குத் திரும்புவது? வேண்டாம், வாடகைக்கே விடு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது. 2018இல் மடிப்பாக்கம் வீட்டை விட்டபோது சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், ஒன்றரை லட்சம் வாங்கினேன். அந்த மாதமே பாதி மகளின் காலேஜ் ஃபீஸுக்கும் மீதி பெயிண்டிங்குக்கும் போய்விட்டது. 2020இல் கொரோனா வந்ததும் குடியிருந்தவர் வேலை போய் ஊருக்குக் கிளம்பினார், ஒரு மாத நோட்டீஸ்தான் கொடுத்தார். அவர்மேல் தப்பே இல்லை. அந்த நேரத்தில் புதுசாக யாரும் வீடு பார்க்கவும் வரவில்லை. என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், அதை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது. அதனால் அட்வான்ஸ் வாங்கியதும் அப்படியே டெபாசிட் போட்டுவிட்டு மறந்துவிடு, அது உன் காசு இல்லை.

எவ்வளவு வாங்குவது என்று கேட்டாய். தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் போய், 2017இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது சொல்கிற அளவு மூன்று மாத வாடகை. அதோடு நில்லேன், உனக்கும் திருப்பிக் கொடுப்பது சுலபம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், அதற்கு ஆன்லைனிலேயே வழி இருக்கிறது. எல்லாரும் பதினோரு மாதத்துக்கு எழுதுகிறார்களே என்பாய். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினோரு மாதம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு கதை, பதினோரு மாதம் என்று எழுதிவிட்டதால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது. தெரிந்தவர்தானே, வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டுவது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், போகும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு கழிப்பது, இந்த மூன்றையும் எழுதாமல் விட்டால்தான் கடைசி நாளில் முகம் கோணும்.

வரிக்குப் பெரிதாகப் பயப்படாதே. என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். இப்போது மாதம் 18,000, வருஷத்துக்கு 2,16,000. நான் கட்டுகிற சொத்து வரி வருஷத்துக்கு 5,600, அதைக் கழித்தால் 2,10,400. அதில் முப்பது சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம், ஒரு பில்லும் காட்ட வேண்டாம். மிச்சம் 1,47,280தான் என் வருமானத்தோடு சேரும். ஒன்று மட்டும், சொத்து வரியை நீ கட்டியிருந்தால்தான், அதுவும் கட்டிய வருஷத்தில்தான் கழிக்க முடியும். அரையாண்டு பாக்கியைத் தள்ளிப்போடும் உன் பழக்கம் இங்கே உதவாது. வாடகையைக் கணக்கில் காட்டாமல் விடலாமா என்று இழுத்தாயே, வேண்டாம் சாமி. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், குடியிருப்பவர் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிக் கழிவு கேட்கிறவராக இருந்தால், உன் பான் எண்ணைத் தன் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். அப்புறம் உன் மனைவி பேரில் வீடு இருந்து, பணம் போட்டது நீயாக இருந்தால், வாடகை உன் வருமானத்தில்தான் சேரும். பத்திரத்தை எடுத்துப் பார்.

ஆனால் பன்னிரண்டு மாத வாடகையும் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதே. நான் பத்து மாதம் என்றுதான் கணக்கு வைக்கிறேன். மோட்டார் காயில் எரியும், சம்ப் கழுவ வேண்டும், குளியலறைச் சுவரில் ஓதம் ஏறும், ஆள் மாறும்போது ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும். 2019 கோடையில் மடிப்பாக்கத்தில் போர் வற்றிப்போய், குடியிருந்தவர் தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்வார். லாரித் தண்ணீருக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு முழு வாடகை வாங்க மனசு வரவில்லை.

ஒரு அறையில் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டு மீதியை விடலாமா என்று உன் வீட்டில் கேட்டார்களாம். நான் செய்து பார்த்தேன். ரெண்டு வருஷம் கழித்துத் திறந்தால் கல்யாண ஆல்பத்தையும் ஒரு பீரோவின் பின்பலகையையும் கரையான் தின்றிருந்தது. அந்த அறையிலிருந்து பல்லி வருகிறது, வாடை வருகிறது என்று குடியிருந்தவர்களுக்கும் குறை. வேண்டியதைப் பெங்களூருக்குக் கொண்டுபோ, மற்றதைத் தங்கை வீட்டில் போடு, இல்லையென்றால் விற்றுவிடு.

ஆள் பார்ப்பதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. சைவமாக இருக்க வேண்டும், சின்னக் குடும்பமாக இருக்க வேண்டும், பேச்சிலர் கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனை போட்டேன். வீடு மூன்று மாதம் காலி, 45,000 ரூபாய் போனது. கடைசியில் எல்லாம் பொருந்தி வந்த அந்தச் சைவக் குடும்பம்தான் சமையலறைச் சுவரைக் கரி பிடிக்க வைத்தது! இப்போது இருப்பவர்கள் வாரம் ரெண்டு நாள் மீன் சமைக்கிறார்கள், வாடகை அஞ்சாம் தேதி டான் என்று வந்துவிடுகிறது. எங்கே வேலை, முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இந்த ரெண்டையும் விசாரி. ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, குடிவருபவர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்துவிடு. அதற்கு மேல் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது நம் வேலை இல்லை.

கரண்ட் பில் அவர்களே கட்டட்டும், ஆனால் இணைப்பில் உன் செல் நம்பரையே வைத்திரு. ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை மெசேஜ் வரும், கட்டினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். பாக்கி நின்றால் அது உன் இணைப்பின் தலையில்தான் விழும்.

இன்னொன்று. போன வருஷம் நான் சொல்லாமல் கொள்ளாமல் மடிப்பாக்கம் போனேன், கொல்லையில் முருங்கை மரம் இல்லை. கம்பளிப்பூச்சிக்குப் பயந்து வெட்டிவிட்டார்களாம், குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றே காலி செய்யச் சொல்லியிருப்பேன். என் மனைவிதான், "வாடகையும் வாங்கிக்கிட்டு மரத்தையும் நீங்களே வெச்சுக்கணுமா?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். உன் கொல்லையில் அந்தக் கொய்யா இருக்கிறதே, அதை வெட்டக் கூடாது என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். ரெண்டு பேருமாக வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்துவிடலாம், ஃபேன் எத்தனை, கீசர் ஓடுகிறதா, மீட்டர் ரீடிங் என்ன, எல்லாம். அதற்குள் தரகரிடம் அட்வான்ஸ் எதுவும் வாங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரன்