சனி, ஞாயிறு எங்களுக்குக் கிடைத்தது

கொழிஞ்சாம்பாறை,
ஏப்ரல் கடைசி ஞாயிறு, இரவு.

அன்புள்ள தேவி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரைத் தானே எடுத்து வைத்துப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அத்தைக்கு ரெண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "நம்ம கல்யாணத்துல பந்தி பரிமாறுன மதுரப் புள்ளதானே? அவங்கம்மா நல்லா இருக்கோணும்" என்று சொன்னார்கள். உன்னை அவர்கள் மறக்கவே இல்லை. உன் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துச் செய்தி: அவருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. வங்கியின் கண்ணூர்க் கிளையிலிருந்து பாலக்காட்டுக்கு. பிப்ரவரி கடைசியில் பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்ந்தார். இத்தனை வருஷமாக ராத்திரி ரயிலில் வந்து, பாதி நாள் தூங்கி எழுந்து, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரைத்தான் எனக்குத் தெரியும். இப்போது காலையில் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியும், ஹாஸ்டல் நாளிலிருந்து என்னைப் பார்த்தவள் நீ.

வந்ததும் "கோடைக்கு ஊட்டி, மூணாறு எங்கயாவது போலாமா" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. அத்தைக்கு முழங்கால் வலி. ஆனைமலையில் எங்கப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நாலு பேரும் கார் ஏறி இறங்குகிற தெம்போடு இருக்கும்போதே, பக்கத்தில் இருக்கிற இடங்களுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். அவர் ஒரு பேச்சும் மறுத்துப் பேசவில்லை. வங்கியில் ரெண்டாவது, நாலாவது சனி லீவு. அந்த வாரங்களில் வெளியூர், மற்ற வாரங்களில் ஞாயிறு மட்டும் வீடும் தோட்டமும் என்று வைத்துக்கொண்டோம்.

எல்லையில் குடியிருப்பதில் ஒரு சங்கடம் பிள்ளைகளின் லீவுதான். இங்கே கேரளாவில் மார்ச்சோடு பள்ளிக்கூடம் மூடிவிடும், ஜூன் ஒன்றாம் தேதிதான் திறப்பு. அந்தப் பக்கம் தம்பி பிள்ளைகளுக்கு ஏப்ரல் பாதி தாண்டியும் பரீட்சை. "மாமா பசங்க எப்ப வருவாங்க" என்று எங்கள் பையன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் வந்த அன்றைக்கு வீடு ஒரம்பரையால், சொந்தபந்தத்தால் நிறைந்தது. மாடியில் பாய் விரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை பேச்சு. அவர்களை அதட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

சித்திரைக்கனி எங்களுக்கு எப்போதும் ரெண்டு வீட்டுக் கனி. இங்கே விசுவும் அதே நாளை ஒட்டித்தானே வரும். முதல் நாள் ராத்திரியே அத்தை உருளியில் அரிசி, கண்ணாடி, நகை, வெள்ளரி, மாம்பழம், பலா, சரக்கொன்றை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டார்கள். விடிவதற்குள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்து காட்டுவது எப்போதும் நான்தான். இந்த வருஷம் அவர் என் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்தார். கல்யாணமான புதுசில் செய்தது. பிறகு நேராக ஆனைமலை. அங்கே அம்மா ஒப்புட்டு, அதான் போளி, சுட்டு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

மாம்பழம் என்றதும் முதலமடையைச் சொல்லாமல் எப்படி விடுவது? மற்ற ஊர்களில் பிஞ்சு பிடிக்கிற ஜனவரியிலேயே அங்கே பழம் லாரி ஏற ஆரம்பித்துவிடும். வடநாட்டுக்குச் சீசனில் முதலில் போகிற பழம் பெரும்பாலும் அந்த ஊருடையதுதான். அவருடைய பெரியப்பா மகனுக்கு அங்கே தோப்பு இருக்கிறது. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு என்று எல்லாம் இருந்தாலும், என் கை போவது காலாப்பாடிக்குத்தான். சின்னப் பழம், கொட்டை மெலிசு, நாரே கிடையாது. பறித்த உடனே காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பால் வடிந்து முடியாமல் எடுத்தால் தோலில் கறுப்புத் தடம் விழும், உதட்டில் பட்டால் புண்ணாகும். தோப்பில் ஒரு பாட்டி இதைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைக்கோலில் புதைத்து வைத்தோம். இப்போது வீடு முழுக்க அந்த வாசம்தான்.

முதலமடை ரயில்வே ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாயா? பிளாட்பாரம் நெடுக ஆலமரம். மீட்டர்கேஜை அகலப் பாதையாக்க வேண்டி அந்தத் தடம் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து 2015-ல்தான் மறுபடி வண்டி ஓடியது. தோப்பிலிருந்து திரும்பும்போது மாமா அங்கே நிறுத்தச் சொன்னார். ஒரு ஆலமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த கதையை எங்களுக்கு முதல் தடவையாகச் சொன்னார். அத்தை கொல்லங்கோட்டுக்காரர். மாமா பெண் பார்க்க ரயிலில் வந்தது இந்தத் தடத்தில்தானாம். அத்தை "போதும், போதும்" என்றாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு வீட்டில் இருந்தால் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். சனி ராத்திரியே புழுங்கலரிசி ஊறப் போட்டுவிடுவேன். காலையில் கெட்டியாக ஆட்டி, இட்லியாக வேக வைத்து, ஆவி பறக்கப் பறக்க உழக்கில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கை வராது, அதனால் ஒரு ஆள் பிழிய ஒரு ஆள் வேக வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் நானும் அத்தையும் செய்தோம். இப்போது பிடியைச் சுற்றுவது அவர். முதல் ஈடு தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு மாமாவுக்கு. நடு ஈடு எலுமிச்சை தாளித்தது. கடைசி ஈடு நாட்டுக்கோழிக் குழம்போடு எங்களுக்கு. மேலே ரெண்டு துண்டு காலாப்பாடியை நறுக்கித் தேங்காய்ப் பால் சந்தகையோடு சாப்பிட்டுப் பார், தேவி. நீ வரும்போது அதைத்தான் முதலில் வைக்கப் போகிறேன்.

பாலக்காட்டுக்குப் போன ஒரு காலையில் ராமசேரியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறையாகச் சுடுவது. மண் வளையத்தில் நூலை வலை மாதிரிப் பின்னி, அதன்மேல் ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பானைமேல் அடுக்கி வேக வைக்கிறார்கள். இட்லி தட்டையாகச் சின்னத் தோசை மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் பஞ்சு. பொடியில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே மலம்புழாவும் பார்த்தோம். 1955-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்து வைத்த அணை, அப்போது பாலக்காடு சென்னை ராஜ்யம்தானே. கானாயி குஞ்ஞிராமன் செய்த யட்சி சிலை முன்னால் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதிகம். வெயில் தாழ நாலு மணிக்கு மேல் போவதுதான் பெரியவர்களுக்கு நல்லது. நென்மாறை வல்லங்கி வேலை என்கிற கோயில் திருவிழாவுக்கும் போய்வந்தோம். அது மலையாள மீன மாசம் இருபதாம் தேதி வருவது, கிழமை பார்க்காது. அவர் அரை நாள் லீவு போட்டார். பஞ்சவாத்தியத்தை அருகில் நின்று கேட்டதே போதும் என்று வெடிக்கட்டுக்கு முன்பே வந்துவிட்டோம், அத்தைக்குச் சத்தம் ஆகாது.

இவ்வளவும் எழுதியது பரம்பிக்குளத்தைச் சொல்வதற்காகத்தான்.

கேரளாவில் இருக்கிற காட்டுக்கு எங்களால் கேரளா வழியாகக் காரில் போக முடியாது. மீனாட்சிபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய், ஆனைமலை, சேத்துமடை, டாப் ஸ்லிப் ஏறி, மறுபடி கேரளாச் செக்போஸ்டில் நுழைய வேண்டும். போகிற வழிதானே என்று அப்பாவையும் அம்மாவையும் ஆனைமலையில் ஏற்றிக்கொண்டோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடுமாங்காய் எல்லாம் தூக்குப்போசியில். ஆனைப்பாடியில் காரை விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏறினோம். வழிகாட்டி காடர் இனத்துப் பையன், தமிழும் மலையாளமும் கலந்து அழகாகப் பேசினான். காட்டெருமைக் கூட்டம், புள்ளிமான், தூரத்தில் குட்டியோடு ஒரு யானை.

கன்னிமாரா தேக்கை நீ பார்க்க வேண்டும். 450 வருஷம் இருக்கும் என்கிறார்கள். வெட்ட முயன்றபோது ரத்தம் வந்ததாம், அதிலிருந்து அதைக் கன்னித் தெய்வமாக மலைமக்கள் கும்பிடுகிறார்கள். அடிமரத்தைக் கட்டிப் பிடிக்க அஞ்சு பேர் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதும், அப்பாவும் மாமாவும் அவரும் பையனும் தம்பி மகனும் கை கோத்து நின்றார்கள். அப்பா கை மாமா கையில். என் கல்யாணத்தில் சம்பந்தி மரியாதைக்கு மாலை மாற்றிக்கொண்டதோடு சரி, அவர்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. விசேஷ வீடுகளில் "வாங்க", "சாப்டீங்களா" என்பதற்குமேல் பேச்சும் கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, ரெண்டு பேருமே பேசாத சுபாவம்.

அப்புறம் அணைக்குப் பக்கத்தில் சோறு பிரித்தோம். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. மாமாதான் ஆரம்பித்தார். "சம்பந்தி, இந்தத் தண்ணி சுரங்கத்துல பூந்து சர்க்கார்பதிக்குப் போயி, திருமூர்த்தி டேமுக்கு உங்க பக்கம் போவுது. அதுக்குப் பதிலா உங்க ஆழியாத்துல வர்றதுதான் எங்களுக்கு." அப்பா சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மணக்கடவுல வருஷம் ஏழேகால் டிஎம்சி கணக்குங்களே?" "அதேதானுங்க. எழுபதாம் வருஷ ஒப்பந்தம். மூலத்தரை மதகைத் திறந்து உட்டாத்தான் எங்க நெல்லு." அப்பா ஆனைமலையில் பழைய ஆயக்கட்டு வாய்க்கால் மடையைச் சின்ன வயசிலிருந்து காத்தவர். மாமா அந்த ஆறு வந்து சேர்கிற பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தண்ணிக்காகக் காத்திருந்தவர். அப்பா வீட்டுக் கொல்லையைத் தாண்டி ஓடுகிற அதே ஆறுதான் மாமாவின் வயலுக்கு வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அன்றைக்குத்தான் ரெண்டு பேரும் அதைப் பேசினார்கள். எந்த வருஷம் எந்த மாசம் தண்ணி வந்தது, எந்த வருஷம் நாற்று காய்ந்தது, யார் யார் மடையில் காவல் படுத்தார்கள் என்று ஒருத்தர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். ஆத்திரமே இல்லை, ரெண்டு பக்கத்துக் கஷ்டமும் ரெண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அம்மா என் கையை அழுத்தினார்கள். அவர் எழுந்து போய் ரெண்டு பேருக்கும் தயிர்ச்சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சில் நுழையாமல் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன வாரம் மாமா தானாகவே பஸ் ஏறி ஆனைமலைக்குப் போய்விட்டார், தேவி. கேட்டால், "சம்பந்தி வாய்க்கால் காட்டறேன்னாரு" என்றார். பொழுதோட வந்தபோது கையில் ஒரு பை நிறைய அம்மா கொடுத்த கொள்ளும் தட்டைப்பயறும். அடுத்த மாசம் அப்பா இங்கே வந்து மூலத்தரையைப் பார்ப்பதாகப் பேச்சு. நடுவில் நானும் அவரும் கார் ஓட்டுவதற்கு மட்டும்தான்.

இப்போது உன் விஷயம். மே மாசம் ரெண்டாவது சனி அவருக்கு லீவு. நீயும் அண்ணனும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். திருச்செந்தூர் - பாலக்காடு வண்டி மதுரை வழியாகத்தான் வருகிறது. பொள்ளாச்சியில் இறங்கிவிட்டால் நாங்கள் வந்து கோபாலபுரம் வழியாகக் கூட்டி வந்துவிடுகிறோம். கண் ஆபரேஷன் ஆனவர்கள் புழுதியில் அலையக் கூடாது, அதனால் காட்டுக்கு வேண்டாம். மீன்கரை அணைக்குச் சாயங்காலம் போகலாம், மேல் காற்று நன்றாக இருக்கும். இல்லையென்றால் சித்தூரில் மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த குருமடம், அதை ஒட்டி ஆற்றங்கரை. பெரியவர்கள் உட்கார நல்ல நிழல்.

பலகாரம் எதுவும் வாங்கி வராதே, இங்கே மாமாவுக்குச் சர்க்கரை. அத்தைக்கு மட்டும் மதுரை மல்லி ரெண்டு முழம், ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வா. மழை தொடங்கிவிட்டால் மாம்பழத்தில் ருசி போய்விடும், அதனால் மே பாதிக்குமேல் தள்ளிப் போடாதே. டிக்கெட் எடுத்ததும் எந்தப் பெட்டி என்று போனில் சொல், பொள்ளாச்சியில் பிளாட்பாரத்திலேயே நிற்போம்.

அம்மாவுக்கு என் வணக்கம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புள்ள,
சாந்தி