தரங்கம்பாடி கடற்கரை நடைவழிக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

தரங்கம்பாடியில் 1792இல் கட்டிய நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியே கடற்கரைக்கு இறங்கும் நடைவழி ஒன்றை அமைக்கிறோம். 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவை அடக்கம் செய்த புதிய எருசலேம் தேவாலயம் (1718), 1620இல் டேனிஷ்காரர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை எல்லாம் இவ்வழியில் வரும். கடல் பாதி கொண்டுபோன மாசிலாமணி நாதர் கோயிலைத் தாண்டி, மணல்மேட்டின் பின்புறமாக வடக்கே நீளும்.

சிமெண்ட் பாதை போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று பலர் கேட்கிறார்கள். போடமாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் புயலலை அடிமணலை அரித்துவிட்டால் தளம் பாளம் பாளமாக உடையும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இரும்புப் பெயர்ப்பலகைக்கும் இதே கதிதான். அதனால் எழுத்து செதுக்கிய கருங்கற்களையே வழிகாட்டியாக நடுகிறோம்: 5 அடிக் கல், அதில் 2 அடி மண்ணுக்குள், சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கியது.

வீதிப் பகுதியில் நான்கு திண்ணைகள் வரும். செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி இரண்டு வாரம் ஊறப்போட்டு, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். கூலி கூடுதலாவது இதனால்தான். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல் மாவாக உதிரும். கடல்மணல் கலந்தாலும் அதே கேடு, ஆகவே கழுவிய ஆற்றுமணல் மட்டுமே.

எங்களுக்கு அதிகக் கவலை மணல்மேட்டைப் பற்றித்தான். உச்சியில் ஆள் நடந்தால் மணலைப் பிடித்திருக்கும் கொடி அறும். அறுந்த இடத்தில் காற்று குழி பறிக்கும். அடுத்த புயலில் அந்த வாய் வழியே தண்ணீர் ஊருக்குள் வரும். 2004 சுனாமியைக் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே பாதை மேட்டுக்குப் பின்னால்தான். ஏற்கெனவே அறுந்த இடங்களில் அடம்பங்கொடியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுவோம். இடையிடையே இராவணன் மீசைப் புல். வேர் பிடிக்கும்வரை மூங்கில் வேலி. சவுக்கு வைக்கமாட்டோம், பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் மணலை அது அடைத்துவிடும். விளக்கும் கிடையாது: பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ஊர்ப்பக்கம் ஏறிச் சாகும்.

படகு ஏற்றும் இடத்திலும் வலை உலர்த்தும் இடத்திலும் பாதை ஒதுங்கியே போகும். அங்கே மீனவப் பஞ்சாயத்தார் காட்டும் கோட்டில்தான் கல் நடுவோம்.

செலவு: 14 கற்கள், ஒன்றுக்கு ரூ. 6,000, 4 திண்ணைகள், ஒன்றுக்கு ரூ. 28,000, கொடி நடவும் வேலியும் ரூ. 54,000. மொத்தம் ரூ. 2,50,000. ஒரு கல்லையோ திண்ணையையோ ஒருவரே முழுதாக ஏற்கலாம், பலர் சேர்ந்தும் ஏற்கலாம். கொடுத்தவர் பெயர் கல்லில் வராது. அதில் இடத்தின் வரலாறு மட்டுமே இருக்கும். மூங்கில், பழைய செங்கல், கிளிஞ்சல் ஆகியவற்றைப் பொருளாகவும் பெற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதந்தோறும் நகர வாயிலருகே ஒட்டுவோம்.

கொடி நட ஐப்பசி முதல் மழைதான் பருவம். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஆகவே நடவுக்கான தொகை மட்டுமாவது ஆவணி முடிவதற்குள் பொருளாளரிடம் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
நடைவழிக் குழுவினர், தரங்கம்பாடி