போர்வையை விரித்துக் காட்டும்போது

ஆசிரியருக்கு,

வண்ணத் துணித் துண்டுகளை இணைத்துக் கையால் தைத்த குயில்ட் போர்வையை ஒருவர் ஆசையாக விரித்துக் காட்டும்போது நம்மில் பலர் முதலில் கேட்பது, 'இதுக்குப் போய் இவ்வளவு நாளா, கடையிலேயே வாங்கியிருக்கலாமே' என்பதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சரி, ஆனால் காட்டியவர் முகம் சட்டென்று வாடிவிடுகிறது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் நகராமல் பிடித்து நெடுகத் தையல் போடுவது லேசான வேலை இல்லை. மேல்துணிக்கான துண்டுகளை இணைக்கும்போது தையலுக்காக வழக்கமாக விடுகிற கால் அங்குல ஓரம் ஒவ்வொன்றிலும் நூலளவு கூடினால்கூட, முக்கோணத் துண்டின் முனை தையலுக்குள் போய் மழுங்கிவிடும். அந்த முனையைத் தைத்தவர் நமக்கு முன்பே பார்த்திருப்பார், நாம் விரல் வைத்துக் காட்ட வேண்டியதில்லை. (அவராகவே 'இதை எப்படிச் சரிசெய்வது' என்று கேட்டால் அது வேறு கதை.) 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பதும் பாராட்டு ஆகாது. திருப்பிப் பின்பக்கத் தையலைப் பாருங்கள், இந்த நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைக்க எப்படித் தோன்றியது என்று கேளுங்கள், அப்புறம் அவர் பேச்சை நிறுத்தவே மாட்டார். 'எனக்கும் ஒன்று தைத்துக் கொடு' என்பதை மட்டும் தயவுசெய்து அன்றைக்கே கேட்காதீர்கள்.

ஒரு வாசகர்