மூங்கில் தட்ட எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அன்புள்ள கயலுக்கு,

கியோட்டோ வீட்டு முற்றத்தில் ஷிஷி-ஒதோஷி வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் நிறைந்ததும் வாய் கவிழ்ந்து கொட்டி, திரும்பும்போது வால் கல்லில் தட்டுமே, அந்த மூங்கில் குழாய். மூங்கிலில் கை வைப்பதற்கு முன் அங்கேயே இருக்கும் ஷிசென்தோவுக்கு ஒருநாள் போய்வா. 1641இல் கவிஞர் இஷிகாவா ஜோசான் கட்டிய வீடு அது. அங்கே ஷிஷி-ஒதோஷி இருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார். மானையும் பன்றியையும் மிரட்ட வந்த பொறிதான். ஆனால் ஓயாமல் தட்டினால் மனுஷரும் ஓடிவிடுவோம்.

கடையில் மடாகே வகை மூங்கில் கேள். கணுவில் இரண்டு வளையம் இருக்கும், மோசோ என்ற வகையில் ஒன்றுதான். இலையுதிர் காலம் முடியும்போது வெட்டியதாக இருக்கட்டும், கோடையில் வெட்டியதைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும். 7, 8 செ.மீ. பருமன், 80 செ.மீ. நீளம் போதும்.

எல்லாமே அச்சுத்துளையில்தான் இருக்கிறது, குழாய் ஏறி இறங்கும் கம்பி நுழையும் துளை அது. தண்ணீர் நிற்க நடுவில் ஒரு கணுவை உடைக்காமல் விடு. அதிலிருந்து 2 செ.மீ. வால்பக்கம் தள்ளித் துளை போடு. வாய்ப்பக்கம் போட்டால் துளை வழியே ஒழுகும். முதலில் சின்ன டிரில், பிறகு பெரியது. நேரே பெரியதை இறக்கினால் மூங்கில் பிளக்கும். அச்சுக் கம்பி பித்தளையோ ஸ்டெயின்லஸ் ஸ்டீலோ ஆகட்டும், துளை அதைவிட 1, 2 மி.மீ. அகலமாக இருக்கட்டும். நனைந்த மூங்கில் ஊதி இறுக்கிக்கொள்ளும்.

வாயைச் சாய்வாக வெட்டு, ஆனால் நீளம் கொஞ்சம் கூடவே விட்டுவை. வெறும் குழாயை அச்சில் மாட்டினால் வால் தானாகக் கல்லில் இறங்கி உட்கார வேண்டும். வாய் தொங்கினால் வாயை விரலளவு சீவு. தண்ணீர் வாய்வழி வழிந்தும் கவிழவில்லையா, வால் கனம், அதைச் சீவு. ஒரேயடியாக வெட்டிவிடாதே, ஒட்டவைக்க முடியாது.

அரை லிட்டர் சேர்ந்ததும் கவிழ்கிறது என்று வை. நிமிடத்துக்கு அரை லிட்டர் விட்டால் நிமிடத்துக்கு ஒரு தட்டு. எவ்வளவு சின்ன பம்பும் இதைவிட அதிகம் தள்ளும். பம்புக் குழாயில் ஒரு கிளை வைத்து மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பிவிடு. மேலிருந்து தண்ணீர் ஊற்றும் மூங்கில் குழாயான ககேஹிக்குக் கணுக்களை நீளக் கம்பியால் குத்தி உடைத்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் செருகிவிடு.

சத்தம் மந்தமாக வந்தால் மூங்கிலைக் குறை சொல்லாதே. கல் மண்ணில் ஆடுகிறதா என்று பார். பாதிக்கு மேல் புதைத்து, சுற்றிலும் சரளை இடித்து இறுக்கு.

பம்பை நிறுத்தி வெயிலில் காயவிட்டால் மூங்கில் வெடிக்கும். தண்ணீர் உறைந்தாலும் பிளக்கும். உறைபனி இரவுகளில் கழற்றி நிழலில் வை. எப்படியும் ஓரிரண்டு வருஷம்தான் வரும். அடுத்ததற்கான மூங்கிலையும் இப்போதே வாங்கி, கூரைக்கடியில் படுக்கவைத்துவிடு.

அப்பா